வண்டுக்குப் பாதம் வைத்த கதை

கருத்தரங்கக் கூடத்தின் வெள்ளைத் திரையில் ஒரு கால் தெரிந்தது.

பார்க்க யானைக்கால் அளவு இருந்தது. உண்மையில் அது என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாணி வண்டின் முன்னங்கால். நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்தி, அதைத் திரையோடு இணைத்திருந்தார்கள். கருஞ்செம்பு நிறம். வெளிவிளிம்பில் ரம்பம் போலப் பற்கள். நுனியில் அழகாக ஒரு பாதம், பாதத்தின் முனையில் வளைந்த நகம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஸ்டெல்லா முழங்கையால் என்னை இடித்தாள்.

"பாத்தியளா, ஷேடு கரெக்டா வந்திருக்கு" என்றாள் பெருமையாக.

அதே நேரத்தில் மேடையில் நின்றிருந்த எங்கள் மகள் பிரின்சி, திரையைத் திரும்பிப் பார்க்காமலே, தெளிவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்தப் பேரினத்தோட முக்கியமான அடையாளம், ஆணுக்கும் பெண்ணுக்கும் முன்னங்கால்ல பாதம் கிடையாது."

அந்தக் கூடத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகில் வியர்வை இறங்கியது. இதை எழுதும்போது என் எழுத்து கோணலாக இருந்தால் தட்டச்சு செய்கிறவர் மன்னிக்க வேண்டும்.

"மக என்ன படிக்கா?"

வங்கித் தேர்வுக்குப் படிப்பாள் என்று நாங்கள் நம்பியிருந்த பிரின்சி, சாணி வண்டு ஆராய்ச்சிக்குப் போனதைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் பேசினார். "மத்ததெல்லாம் இருக்கட்டும் சார், பிள்ளை கடைசியில டாக்டர் ஆச்சா இல்லியா?" என்று கேட்டார். அதைத்தான் நானும் அந்த மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவன். இயல்பிலேயே பயந்தவன். மகள் பேருந்தில் ஏறினால் ஓட்டுநரின் முகத்தை மனதில் குறித்துவைத்துக்கொள்வேன்.

கல்யாண வீடுகளில் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது "மக என்ன படிக்கா?" என்று கேட்டால், "சுற்றுச்சூழல்" என்பேன். அது பொய்யில்லை. இலையில் பருப்பும் நெய்யும் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் சொல்லக்கூடிய அளவுக்கு உண்மை, அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவுக்கு அந்த நாசூக்கு கிடையாது. எதிர்வரிசையிலிருந்து சத்தமாகச் சொல்லிவிடுவாள். "சாணி வண்டாக்கும் மைனி. மாடு சாணி போட்ட ஒடனே பறந்து வருமில்லா, அது."

பிறகு பாயசம் வரும். அந்த வரிசையில் யாருக்கும் பாயசம் இறங்காது.

பிரின்சிக்கு வண்டு பிடிக்க நானும் ஆரல்வாய்மொழிக்குப் போயிருக்கிறேன். காற்றாலைகளுக்குக் கீழே, பொட்டல் வெளியில், சின்ன வாளியைத் தரைமட்டத்துக்குப் புதைக்க வேண்டும். அதன் வாய்க்கு மேலே ஒரு குச்சியில் சாணிப் பொதியைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். வாசனைக்கு வருகிற வண்டு வாளிக்குள் விழும். அந்த ஊர்க் காற்றில் பொதி ஊஞ்சலாடும். ஒருமுறை அது அறுந்து நேராக என் சட்டைப் பையை நோக்கி வந்தது.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"எனக்க மாட்டுச் சாணிய எதுக்கு துணியில பொதியுதிய?"

"ஆராய்ச்சிக்கும்மா" என்றேன்.

"சாணியில கொறை உண்டா?"

"இல்லம்மா, நல்ல சாணி."

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது வாளிக்குப் பக்கத்தில் தேக்கிலையில் புதுச் சாணி மூடி வைத்திருந்தது. தூரத்தில் மாட்டோடு நின்றபடி அந்த அம்மா கையை ஆட்டினார். "இன்னைக்குள்ளதாக்கும்! எடுத்துக்கிடுங்க!" நான் கை கூப்பினேன். வேறென்ன செய்வது?

தூக்கம் வரும் இடம்

பேரினம் என்றால் என்ன என்று பிரின்சி எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். "அப்பா, குடும்பப் பேரு மாதிரி வச்சுக்கிடுங்க. வீட்டுக்காரங்க எல்லாருக்கும் மூக்கு ஒண்ணுபோல இருக்குமில்லா? அந்த மூக்கைத்தான் தேடணும்."

தேடுவதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் வண்டைப் பார்த்து ஒரு கேள்வி. ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். அப்படியே இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் பெயர் வந்து நிற்கும். முகவரி பார்த்துக் கடிதம் பிரிக்கிற எனக்கு அது பிடித்திருந்தது. மாநிலம், மாவட்டம், ஊர், தெரு.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் ஒப்பிப்பாள், நான் கேட்பேன். ஆணின் தலையில் கொம்பு, உடல் குட்டை, முதுகில் இரண்டு இறக்கை உறைகளும் சேருகிற இடத்தில் முக்கோணத் தகடு தெரியவில்லை என்றால் ஓந்தோபேகஸ். இறக்கை உறையின் ஓரத்தில், தோளுக்குப் பின்னால், யாரோ கடித்து எடுத்தது போல வளைவு இருந்தால் ஜிம்னோப்ளூரஸ். பின்னங்கால் சிலந்திக்கால் போல நீண்டு, உடம்பு பின்பக்கம் குறுகினால் சிசிபஸ்.

எனக்கு மூன்றாவது பேரினத்தோடு கண் சொக்கிவிடும். அது என் வயசு. நான்காவது பேரினம் ஒனிட்டிஸ்.

நான் மட்டும் ஒருநாள், ஒரே ஒருநாள், நான்காவது வரை விழித்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

கட்டிலில் விழுந்த பெட்டி

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு என்பது எங்கள் பக்கத்தில் பாதி பரீட்சை, பாதி கல்யாணம். ஆராய்ச்சி முடித்தவர் மேடையில் நின்று பேச வேண்டும். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் கேள்வி கேட்பார். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் தின்னக் கொடுக்க வேண்டும். ஸ்டெல்லா முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கினாள். நான் வீட்டைத் தூசி தட்டத் தொடங்கினேன்.

பிரின்சியின் மேசைமேல் வண்டுப் பெட்டி இருந்தது. கண்ணாடி மூடி, உள்ளே ஊசி குத்திய வண்டுகள் வரிசையாக. அதை இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கும்போதே "கீழே போட்டுவிடக் கூடாது" என்று நினைத்தேன். அப்படி நினைத்தால் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியும்.

நல்லவேளை, கட்டிலில் மெத்தைமேல் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. ஊசி ஒன்றும் சாயவில்லை. இருந்தாலும் மனம் கேட்குமா? தபால் தலை பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு வண்டாகப் பார்த்தேன்.

கடைசி வரிசையில் நான்கு வண்டுகள். நடுக்காலில் பாதம் இருக்கிறது. பின்னங்காலில் இருக்கிறது. முன்னங்காலில் இல்லை. நான்குக்குமே இல்லை.

அடுத்த அரைமணி நேரம் நான் கட்டிலுக்கடியில் இருந்தேன். விளக்குமாற்றால் கூட்டிய குப்பையைச் செய்தித்தாளில் கொட்டி, உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு தேடினேன். எறும்புத் தலை கிடைத்தது. கறுப்பு நூல் கிடைத்தது. வெகுநாளாகக் காணாமல்போன என் சட்டைப் பொத்தான் கிடைத்தது. வண்டுப் பாதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஸ்டெல்லா கரண்டியோடு வந்து நின்றாள். "என்னத்த தேடுதிய?"

"பாதம்."

"ஆருக்க பாதம்?"

சொன்னேன். அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பிறகு, இந்த விவகாரம் முழுவதிலும் எங்களில் ஒருவர் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வியைக் கேட்டாள். "நாலுக்கும் ஒண்ணுபோலயா ஒடையும்?"

"நாலும் ஒரே தெசையிலயில்லா விழுந்துது ஏட்டி" என்றேன்.

அவள் யோசித்தாள். மெதுவாகத் தலையாட்டினாள். "அதுவும் சரிதான். முன்னால உள்ளதுதான் மொதல்ல போவும்."

இதற்கு விளக்கம் தேவை. ஸ்டெல்லா மார்த்தாண்டத்தில் ஒரு பல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். பல் செட் செய்வது அவள் தொழில். பைக்கிலிருந்து விழுந்தவர்கள், மாமரத்திலிருந்து விழுந்தவர்கள், கல்யாண வீட்டில் சண்டை போட்டவர்கள் என எல்லோருக்கும் அவள் செய்து கொடுத்தது முன்பல். விழுந்தால் முன்னால் இருப்பது போகும் என்பது அவளுடைய அனுபவம். வண்டுக்கு மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

முன்பல் வைத்தது போல

பிரின்சியிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாரம் நீங்கள் பிரின்சியைப் பார்க்கவில்லை. அரங்கத்துக்கு அனுமதி, அழைப்பிதழ், தேர்வாளருக்கு அறை என்று வெயிலில் அலைந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா வத்தல் உலர வைத்ததற்கே, "அம்மா, அஞ்சு வருசமாக்கும் அதுக்குள்ள இருக்கு" என்று அழுதவள். அவளிடம் போய், நாலு வண்டின் காலை உடைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை வராந்தா விளக்குக்குக் கீழே ஒரு வண்டு செத்துக் கிடந்தது. முதல் மழைக்கு விளக்கைத் தேடி வருமே, அந்தப் பழுப்பு நிற வண்டு. ஸ்டெல்லா அதைத் தீப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். கூடவே எங்கள் நான்கில் ஆகப் பெரிய வண்டையும். பேருந்தில் அவள் யாருக்கும் இடம் கொடுக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாளாம்.

மாலையில் திரும்பி வந்தபோது பெரிய வண்டின் முன்னங்கால்களில் இரண்டு பாதங்கள் இருந்தன. செத்த வண்டின் முன்பாதங்களைச் சூப்பர் குளூவில் ஒட்டி, பழுப்பு தெரியாமல் நிறம் தீட்டியிருந்தாள். பல்லுக்கு நிறம் பார்க்கிற அட்டையை வண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாளாம். "கறுப்பு அதுல இல்ல. வெத்தில போடுதவங்களுக்க ஷேடு வச்சு அட்ஜஸ்ட் பண்ணினேன்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அது அருமையான வேலை. எனக்குக் கண்ணே கலங்கியது.

திரை

இனி அந்தக் கூடத்துக்கு வருகிறேன்.

தேர்வாளர் ஒரு பேராசிரியை. ஒல்லியான உருவம், பருத்திச் சேலை, சிரிக்காத முகம். வெகுநேரம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒனிட்டிஸ் வந்ததும் கையைத் தூக்கி, "அந்த மாதிரியைக் காட்டுங்களேன்" என்றார். நான்கில் ஆகப் பெரியதும் அழகானதுமான வண்டைப் பிரின்சி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். யார்தான் பெரியதை எடுக்க மாட்டார்கள்?

"பாதம் கிடையாதுன்னு சொன்னீங்க" என்றார் பேராசிரியை. "கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

பிரின்சி திரும்பினாள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் எதையும் உடைக்கவில்லை. உடைந்ததற்கு வைத்தியம் பார்த்ததாக நினைத்து, அந்த வண்டின் மூக்கை நாங்கள் மாற்றியிருக்கிறோம்.

"ஏட்டி" என்றேன். ஸ்டெல்லாவுக்கும் புரிந்துவிட்டது. மடியில் இருந்த முந்திரிக்கொத்துப் பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிரின்சி நுண்ணோக்கிக்குக் குனிந்தாள். திரையில் அந்தப் பாதம் இன்னும் பெரிதானது. மூட்டில் ஒரு வளையம் பளபளத்தது. அவள் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் ஆடவில்லை.

"மேடம், இது ஒட்ட வச்சது. மூட்டைச் சுத்திப் பசை இருக்கு. இது சாணி வண்டோட பாதமே இல்ல. நீளம் அதிகம். நகத்துக்கு உள்பக்கம் ஒரு பல்லு இருக்கு. வேப்பிலை தின்னுற, விளக்குக்கு வர்ற வண்டோட பாதம்."

"பசை இருக்குன்னா யாரோ ஒட்டியிருக்காங்க" என்றார் பேராசிரியை. "ஆய்வு மாதிரியில கைவேலை நடந்திருக்கு. அப்படின்னா மத்த மாதிரிகளை நான் எப்படி நம்புறது? இன்னைக்கு இதை முடிக்க முடியாது போலிருக்கே. யார் ஒட்டினது?"

"தெரியாது மேடம்."

அவளுடைய நெறியாளர் டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். ஐந்து வருடச் சாணி, வெயில், ஆரல்வாய்மொழிக் காற்று எல்லாம் அந்த "தெரியாது"வில் வந்து நின்றது.

நான் எழுந்தேன். கால் எழுந்ததா நாற்காலி என்னைத் தள்ளியதா, நினைவில்லை.

"மேடம், நான்தான்" என்றேன்.

ஸ்டெல்லாவும் எழுந்தாள். "அவங்களுக்கு ஊசியில நூலு கோர்க்கவே தெரியாது மேடம். ஒட்டுனது நானாக்கும்."

"நீங்க யாரு?"

"நாங்க பிள்ளைக்க அம்மையும் அப்பனும்."

"எதுக்கு ஒட்டுனீங்க?"

"நான் ஒடச்சிட்டேன் மேடம்" என்றேன்.

மேடையிலிருந்து பிரின்சியின் குரல் வந்தது. கோபமா அழுகையா என்று தெரியாத குரல். "ஒடைக்கதுக்கு அங்க ஒண்ணும் இல்லியேப்பா!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. "எத்தனை வண்டுக்கு இப்படி வச்சீங்க?"

"ஒண்ணுக்குத்தான் மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "மத்த மூணுக்கும் வைக்கணும்னுதான் இருந்துது. முன்பாதம் கெடைக்கல்ல."

கூடம் வெடித்துவிட்டது. நெறியாளரின் டீ அவர் சட்டையில். பேராசிரியை மட்டும் மேசையைத் தட்டி அமைதியாக்கினார். பெட்டியில் இருந்த எல்லா வண்டுகளையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மற்ற மூன்று ஒனிட்டிஸும் வந்தன. முன்னங்காலில் பாதம் இல்லை. இல்லை. இல்லை. ஒன்று இல்லாமலிருப்பதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சரி" என்றார் பேராசிரியை. ஒட்டுப்போட்ட வண்டைத் திரும்ப வைக்கச் சொன்னார். "உங்க அம்மா வழியை அடைச்சிட்டாங்க. இப்ப முன்னங்காலைப் பார்க்காம, இது என்ன பேரினம்னு எனக்குச் சொல்லுங்க."

பிரின்சி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"உடம்பு நீளம், முதுகு தட்டை. இறக்கை உறை ரெண்டும் சேருற இடத்துல ஒரு சின்ன முக்கோணத் தகடு வெளியே தெரியுது, அதனால ஓந்தோபேகஸ் இல்ல. ஓரத்துல கடிச்ச மாதிரி வளைவு இல்ல, அதனால ஜிம்னோப்ளூரஸ் இல்ல. முன்மார்போட பின்விளிம்பில, நடுவுல, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்னக் குழி." ஊசியின் நிழல் திரையில் அந்தக் குழிகளைத் தொட்டது. "ஒனிட்டிஸ், மேடம். பாதம் வச்சாலும் ஒனிட்டிஸ்தான்."

பேராசிரியை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் இவ்வளவு நேரமும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பிரின்சிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். மதுரை வாசகருக்கு இதுவே பதில். கைதட்டலில் நான் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா உட்காரவில்லை. பாத்திரத்தைத் திறந்துகொண்டு நேராக மேடைக்குப் போய்விட்டாள்.

பேராசிரியை முந்திரிக்கொத்தைக் கடித்தபடி அந்த இரண்டு பாதங்களையும் மறுபடி பார்த்தார். "நல்ல கைவேலை" என்றார். "இதைப் பிரிக்காதீங்க. இப்படியே பாதுகாத்து வைங்க. ஆனா கீழே ஒரு சீட்டு இருக்கணும். நாளைக்கு வேற யாராவது பார்த்துப் புது இனம்னு எழுதிடப் போறாங்க."

எல்லோரும் கலைந்தபின் பிரின்சி அரிசியளவு எழுத்தில் ஒரு சீட்டு எழுதி, வண்டின் ஊசியில் கோர்த்தாள். நான் உருப்பெருக்கியை எடுத்துப் படித்தேன்.

'முன்னங்கால் பாதங்கள் இந்த வண்டினுடையவை அல்ல. ஒட்டியவர்கள்: அம்மா, அப்பா.'

ஸ்டெல்லாவும் கண்ணாடியை வாங்கிப் படித்தாள். அவளுக்குத் திருப்தியில்லை.

"ஒட்டுனது நானில்லா மக்களே. அப்பா கட்டிலுக்கடியில பாதம் தேடுனதோட சரி, அவங்க பேரு எதுக்கு?"

பிரின்சி பெட்டியை மூடினாள்.

"அப்பா தேடுனாங்கல்லா" என்றாள்.